மணமற்ற வாயு

செப்டம்பர் 9, சனி. லண்டன்

மழைக்கோட்டு இரண்டையும் பெட்டியின் அடியில் வைத்தது நான்தான். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கதிரேசன் தன் குடையை எங்களிடம் கொடுத்துவிட்டு நனைந்தபடியே பஸ் வரை வந்தான்.

ஒன்பது நாள் சுற்றுலா. இங்கிலாந்தின் பழைய பீர் ஆலைகளையும் பழைய பப்புகளையும் காட்டுகிறார்கள். பஸ்ஸில் பதினெட்டுப் பேர், முக்கால்வாசி ஓய்வு பெற்ற தம்பதிகள். வழிகாட்டி ஹேசல் என்ற அம்மாள், அறுபது வயதிருக்கும், இருபது வருஷம் சொந்தமாக ஒரு பப் நடத்தியவர். வந்தவுடன் எல்லோருடைய பெயரையும் ஒருமுறை கேட்டார். பிறகு யாருடைய பெயரையும் தவறவிடவில்லை. என் வீட்டுக்காரர் பெயரைக்கூட. லூர்துநாதன் என்பது அவர் வாயில் கொஞ்சம் சப்பையாக வருகிறது, அவ்வளவுதான்.

பாண்டிக்கு வெளியே உள்ள பீர் ஆலையில் இவர் ப்ரூ மாஸ்டர். அங்கே காய்ச்சும் ஒவ்வொரு தொட்டிக்கும் இவர் மூக்கு வைத்துச் சரி என்று சொன்னால்தான் பாட்டிலுக்குப் போகும். அடுத்த வருஷம் ஆங்கிலேயர் குடிக்கும் வகையில் ஒரு பீர் போடலாம் என்று கம்பெனிக்கு யோசனை. அதற்காக இவரையும் இவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் கதிரேசனையும் அனுப்பியிருக்கிறார்கள். ட்ரெய்னியாகச் சேர்ந்து எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டவன், அதனால் எனக்கு அவன் இன்னும் ‘அவன்’தான்.

“ரெஜினா இங்கிலாந்து பார்த்ததில்ல, அதான் கூட்டிட்டு வரேன்” என்று இவர் ஆபீசில் சொல்லியிருக்கிறார். நான் வந்தது என் மூக்குக்காக. இவருக்கு வாசனை தெரியாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

முதல் பப், ஆற்றுக்குத் தென்புறம். குதிரை வண்டிகள் வந்து நின்ற காலத்து விடுதி. முற்றத்தைப் பார்த்தபடி மரத்தாழ்வாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருந்தன. பீர் இங்கே குளிர்ச்சியாக வராது, நிலவறையின் சூட்டிலேயே வரும். கதிரேசன் ஒரு வாய் குடித்துவிட்டு, “கரண்ட் போன வீட்டு பீரு மாதிரி இருக்குக்கா” என்றான். இவர் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் கதிரேசன் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிடுவார். பயணக் களைப்பு.

நான் காதைத் தொட்டேன். இவர் கிளாசை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, “வெண்ணெய் கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்று சொன்னார். கதிரேசன் தலையாட்டினான்.

செப்டம்பர் 10, ஞாயிறு. ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேற்கே

காலைப் பூசைக்கு ஓட்டலுக்கு எதிரிலேயே கோயில் கிடைத்தது. பாண்டியில் இவர் பாடினால் பின்வரிசை திரும்பிப் பார்க்கும். இன்று பக்கத்தில் நின்ற எனக்கே குரல் கேட்கவில்லை. தெரியாத பாட்டு.

பிறகு ஒரு கிராமத்தில் ஐந்து மாடிப் பீர் ஆலை. நீராவி எந்திரம் இன்னும் நிற்கிறது. மேல் மாடியில் தானியத்தைக் கொட்டினால் ஒவ்வொரு மாடியாகத் தானே இறங்கி, நிலவறைக்கு வரும்போது பீராகிவிடும். பூமியின் இழுப்புதான் வேலைக்காரன் என்றார் ஹேசல். படிகள் செங்குத்து. இவர் ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்து இறங்கினார். பின்னால் வந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள்.

வருகைப் புத்தகத்தில் இவர் எழுதியதைப் பார்த்துக் கதிரேசன், “எறும்பு கையெழுத்து சார், லென்ஸ் வெச்சுதான் படிக்கணும்” என்று கிண்டல் செய்தான். முதல் வரி சுமாரான அளவு. மூன்றாவது வரி கடுகு மாதிரி. பேனா சரியில்லை.

எங்கள் ஏற்பாட்டை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு எங்கும் எழுத முடியாது. காதைத் தொட்டால் வெண்ணெய் வாசனை. வளையலைத் திருப்பினால் வெந்த சோளம். கைக்குட்டையை மூக்கில் வைத்தால் கெட்டுப்போனது. சும்மா இருந்தால் நன்றாக இருக்கிறது. ஊரில் இவ்வளவு வித்தை தேவைப்படவில்லை. சாயங்காலம் டிபன் கேரியரில் சின்னச் சின்ன சாம்பிள் பாட்டில் கொண்டுவருவார். சமையல்கட்டில் நான் மோந்து சொல்வேன், மறுநாள் காலை அதை ஆலையில் இவர் சொல்வார். நான் என் அடுப்படி வார்த்தையில் சொல்வதை இவர் பாடப்புத்தக வார்த்தையாக மாற்றிக்கொள்வார். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வருஷமாகக் கெமிஸ்ட்ரி நடத்துகிறேன், என்றாலும் பீரைப் பற்றி இவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். நான் ஒரு சொட்டு விழுங்கியதில்லை.

இன்று விழுங்கினேன். கால் கிளாஸ் இருக்கும். கருப்பாக, வறுத்த கேழ்வரகு மாதிரி.

செப்டம்பர் 11, திங்கள்

என் முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்திருக்கிறது. தூக்கத்தில் உதைத்திருக்கிறார். கனவில் நாய் துரத்தியதாம். பஸ்ஸில் உட்கார்ந்தே முழு நாளும் போனது.

செப்டம்பர் 12, செவ்வாய். பர்ட்டன்

இன்று என்னால் இவர் தலைகுனிந்தார்.

பர்ட்டன் என்பது பீருக்காகவே பேர்போன ஊர். மரப்பீப்பாய்களை வரிசையாகக் குழாயில் இணைத்து நுரைக்கவிடும் முறையை மியூசியத்தில் காட்டினார்கள். மதியம் ஒரு சிறிய பப். கடைக்காரர் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்து எங்கள் எல்லோருக்கும் வைத்தார். இவர் தலைமை ப்ரூவர் என்று ஹேசல் சொல்லியிருந்ததால், முதல் வார்த்தை இவருடையது என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

நான் மோந்தேன். தீக்குச்சி உரசிய வாசனை, அதற்குப் பின்னால் அவித்த முட்டை. எனக்குத் தெரிந்த கணக்கில் அது கெட்டுப்போன பீர். கதிரேசன் என் தோளை ஒட்டி நின்றான். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தேன்.

இவர் கிளாசைக் கையில்தான் வைத்திருந்தார், இன்னும் உயர்த்தவில்லை. ஆலையில் பேசும் அந்த உறுதியான இங்கிலீஷில், இது கெட்டுவிட்டது, பீப்பாயை மாற்ற வேண்டும் என்றார்.

எல்லோரும் தங்கள் கிளாசைப் பார்த்தார்கள். பிறகு கடைக்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. ஹேசல் விளக்கினார். இந்த ஊரின் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம், அதனால் ஊற்றிய முதல் சில நிமிஷம் இப்படித்தான் கந்தகம் வீசும், அதை மோப்பதற்கென்றே ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் கிளாசை மூக்கில் வைத்து முகம் சுளித்துச் சிரித்துக்கொண்டார்கள்.

“சார்” என்றான் கதிரேசன், தமிழில், மெதுவாக. “பர்ட்டன் தண்ணியப் பத்தி எங்களுக்குப் பாடம் எடுத்ததே நீங்கதான?”

இவர் கிளாசைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. இப்போதெல்லாம் அந்த முகத்தில் எதுவும் சீக்கிரம் வருவதில்லை.

பஸ்ஸில் ஏறும்போது கதிரேசன் என்னிடம், “மூக்குக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாருக்கா. கண்ணாலயே மோந்துட்டாரு” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொல்லிவிட்டு என் கைக்குட்டையைப் பார்த்தான்.

அறைக்கு வந்ததும் இவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டியபடியே பேசினார்.

“தீக்குச்சின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும் ரெஜி. எனக்கு உடனே புரிஞ்சிருக்கும்.”

“கதிரேசன் பக்கத்துல நிக்கறப்ப எப்படிங்க சொல்றது?”

“அப்ப சும்மா நின்னிருக்கலாம்ல.”

பொத்தானைக் கழற்ற உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

செப்டம்பர் 13, புதன்

என்னோடு பேசவில்லை. ஹேசல் எங்களை ஒரு தேவாலயம் போலிருந்த பப்புக்குக் கூட்டிப்போனார். ஜன்னலெல்லாம் வண்ணக் கண்ணாடி, நடுவில் பித்தளைக் குழாய்கள். பெண்கள் குடிப்பதை யாரும் பார்க்காதபடி ஒரு காலத்தில் தனி அறை தடுத்திருந்தார்களாம். அந்தத் தடுப்பறையில் நான் போய்த் தனியாக உட்கார்ந்தேன். அரை பைன்ட் முழுதும் குடித்தேன். ஆரஞ்சுத் தோலும் உலர்ந்த புல்லும். யாருக்கும் சொல்லத் தேவையில்லாமல் ஒரு வாசனையை வைத்துக்கொண்டிருப்பது புதிதாக இருந்தது.

ஹேசல் தேடிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். தன் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார், நான்கு வருஷம் முன்பு இறந்துவிட்டாராம். பிறகு சுற்றிவளைக்காமல் கேட்டார்: உங்கள் கணவர் நடக்கும்போது இடது கை ஏன் வீசுவதில்லை, எத்தனை நாளாக அப்படி? கோட்டு தோளில் இறுக்கம், சென்னையில் தைத்தது என்றேன். அவர் என் கையின்மேல் ஒரு நொடி கை வைத்தார். பிறகு பஸ் புறப்படும் நேரத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கோட்டு இறுக்கமில்லை. அளவு எடுக்கும்போது நான்தான் கூட நின்றேன்.

பாண்டியில் மூக்கு டாக்டர் ஜனவரியிலேயே பார்த்தார். மூக்கில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, நரம்பு டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். “மூக்குக்கு எதுக்கு நரம்பு டாக்டர்” என்று இவர் அதை ஏழு மாதம் பைபிளுக்குள் வைத்திருந்தார். இந்தப் பயணத்துக்கு நான் வைத்த ஒரே நிபந்தனை அதுதான். நான் கூட வருகிறேன், மோந்து சொல்கிறேன், திரும்பியதும் நீங்கள் டாக்டரிடம் வரவேண்டும். அந்தோணியார் படத்துக்கு முன்னால் சரி என்றார். செப்டம்பர் 20, புதன், காலை பத்தரை.

அது என்ன நோயாக இருக்கும் என்று போனில் தேடவில்லை. ஒருமுறை திறந்தேன், மூடிவிட்டேன்.

இரண்டு வருஷம் முன்னால் வந்த காய்ச்சலில்தான் வாசனை போனது என்று இவரும் நானும் எல்லா டாக்டரிடமும் சொல்லிவருகிறோம். ஆனால் அதற்கும் ஒரு வருஷம் முன்பே ஒரு நாள், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு முழுக்க கேஸ் வீசியது. இவர் சமையலறை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதை நான் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

செப்டம்பர் 14, வியாழன். யார்க்‌ஷயர்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

இந்த ஆலையில் பலகைக் கல்லால் செய்த சதுரத் தொட்டிகளில் பீரை நுரைக்க விடுகிறார்கள். மூடி கிடையாது. இடுப்பளவு உயரம். மேலே நுரை, கோடையில் பொங்கிய இட்லி மாவு போல, பழுப்பாக, கனமாக, மெல்ல அசைகிறது. எங்கள் ஊர் ஆலையில் எல்லாம் மூடிய எஃகுத் தொட்டி. இருபத்தெட்டு வருஷத்தில் இவர் திறந்த தொட்டியின்மேல் தலையை நீட்டியதில்லை.

அங்கே வேலை செய்யும் பெண், முடியை இறுக்கிக் கட்டிய சின்னப் பெண், வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கிறாள். நுரைக்கு அருகே குனிந்து நன்றாக இழுத்து மோந்து பாருங்கள் என்பாள். இழுத்ததும் உள்ளே தேங்கி நிற்கும் வாயு ஊசி குத்தியதுபோல மூக்கில் ஏறும். தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ளாதவர் கிடையாது. ஒவ்வொருவராகக் குனிந்து துள்ளினார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். கதிரேசன் துள்ளிய துள்ளலில் தொப்பி தொட்டிக்குள் விழப்பார்த்தது.

இவர் முறை. மெதுவாகக் குனிந்தார். இழுத்தார். தலை பின்னால் வெட்டியது. கண்ணில் நீர் கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். கல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு நாளுக்குப் பிறகு.

பீருக்குக் கசப்பு ஏற்றும் ஹாப்ஸ் மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்துக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

“வந்துடுச்சு ரெஜி.”

“என்னங்க?”

“வாசனை. உள்ள வரைக்கும் ஏறுச்சு. மண்டைக்குள்ள போய் இடிச்சுது.” இடது கை நடுங்கிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. “மூணு வருஷம் கழிச்சு, ரெஜி.”

இரண்டு என்றுதான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம். இன்று மூன்று என்றார்.

கார்பன் டை ஆக்சைடு நிறமற்ற, மணமற்ற வாயு. பத்தொன்பது வருஷமாக இந்த வாக்கியத்தை டிக்டேட் செய்கிறேன். சோடா குடித்தால் மூக்கில் ஏறுவது வாசனையா மிஸ் என்று ஒவ்வொரு வருஷமும் ஒருத்தி கேட்பாள். இல்லை, மூக்கின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிச் சுடுகிறது, அது வலி, அதைக் கொண்டுபோவது வேறு நரம்பு என்பேன். வாசனை முழுக்கப் போனவருக்கும் அது குத்தும். இதெல்லாம் இவருக்குத் தெரியாததா? ட்ரெய்னிகளைத் தொட்டிக்குள் இறக்குவதற்கு முன்னால் இவர் நடத்தும் முதல் பாடமே இதுதான். இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, உன் மூக்கை நம்பி இறங்காதே.

ஆனால் அவர் கண் அப்படி இருந்தது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அழுது பார்த்ததில்லை.

“அப்படியா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

செப்டம்பர் 15, வெள்ளி. யார்க்

காலையில் இவரே பாண்டிக்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரியில் புதன்கிழமை நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எனக்குச் சரியாகிவிட்டது என்றார். அந்தப் பக்கம் யாரோ சந்தோஷம் சார் என்று சொன்னது எனக்கும் கேட்டது. நான் சாக்ஸ் துவைத்துக்கொண்டிருந்தேன். குழாயை மூடவில்லை.

“எதுக்கும் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாமே” என்றேன், பாதி நுரையோடு.

“வந்துட்ட மூக்க எதுக்குக் காட்டணும்?”

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அந்த நிமிஷமே. சொன்னால் அவரிடமிருந்து எதைப் பறிக்கிறேன் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் எதைப் பறிக்கிறேன் என்றும் தெரியும். ஈரச் சாக்ஸை ரேடியேட்டர்மேல் வரிசையாக விரித்தேன். ஆறு ஜோடி.

மதியம் கோட்டைச் சுவரை ஒட்டிய பப். விட்டம் தலையில் இடிக்கிற அளவு தாழ்வு. இன்று இவர் என் பக்கம் பார்க்கவேயில்லை, என்னைத் தள்ளியே நிறுத்தினார். தானே கவுன்டருக்குப் போய், ஓரத்தில் இருந்த பீர் இறைக்கும் கைப்பம்பைக் காட்டி ஒரு பைன்ட் வாங்கினார். அது யாரும் கேட்காத வகை போலிருக்கிறது. கிளாஸ் மேஜைக்கு வந்ததுமே எனக்கு வாசனை அடித்தது, மழையில் நனைந்து கிடந்த சாக்கு. எதிரில் இருந்த ஆஸ்திரேலியக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். என் கை கைக்குட்டைக்குப் போய்விட்டுத் திரும்பியது.

இவர் கிளாசை உயர்த்தி, கண்ணை மூடி, நிதானமாக இழுத்தார். பாதி குடித்தார். சுத்தமான மால்ட் வாசனை, கொஞ்சம் தேன், நான் குடித்ததிலேயே இதுதான் சிறந்தது என்று இங்கிலீஷில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கதிரேசனிடமும் நீட்டினார்.

கதிரேசன் மோந்தான். ஒரு நொடி அவன் முகம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பிறகு, “ஆமா சார்” என்றான். மீதியை ஒரே மூச்சில் தானே குடித்து முடித்துவிட்டுக் கிளாசைக் கொண்டுபோய்க் கவுன்டரில் வைத்தான். இவர் இன்னொன்று வாங்கிவிடக் கூடாதே என்று அந்தப் பம்பின் முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டே இருந்தான்.

செப்டம்பர் 16, சனி. லண்டன்

திரும்பி வரும் வழியில் பஸ் நின்ற இடத்தில், கதிரேசன் எனக்கு டீ வாங்கிவந்தான். இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

“சாருக்கு எவ்ளோ நாளா இல்லக்கா?” என்று கேட்டான்.

என்ன இல்லை என்றேன். அவன் என் கைக்குட்டையைப் பற்றிப் பேசவில்லை, அந்தப் பெருந்தன்மை அவனுக்கு இருந்தது. டீக்கப்பின் மூடியைப் பிரித்துப் பிரித்து மூடினான். கடந்த மார்ச்சில் ஒரு தொட்டியில் சோள வாசனை இருந்ததாம், சார் சரி என்றாராம், இவன் இரவோடு இரவாக வேறு தொட்டியோடு கலந்து சமாளித்தானாம். அன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். மூக்கடைப்பு.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. என்னை ஆளாக்குனவரு. ஆனா நான் சொல்லாட்டியும் பீரு சொல்லிடும்.” கொஞ்சம் பொறுத்து, “அதவிட, அவரு நடக்கறது எனக்குப் பயமா இருக்கு” என்றான்.

அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னேன் போலிருக்கிறது.

இவர் சாயங்காலம் முழுக்க கம்பெனிக்கான அறிக்கையை எழுதினார். யார்க் பப்பின் பீரைத்தான் நாம் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் காட்டினார். படிக்க முடியவில்லை, எழுத்து அவ்வளவு சிறிது. நன்றாக இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு. லண்டன்

நாளை விமானம். இன்று காலை ஒன்பது மணிக்குள் நடந்தது இது.

அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தன்னை ஒரு தடவை சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் வேலையில் அப்படித்தான், எதையும் ஒருமுறை குருட்டுச் சோதனை வைக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். என் துப்பட்டாவை எடுத்துத் தானே கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மூணு சாம்பிள் கொண்டா. நம்ம லேப்ல வைக்கற மாதிரி. என்னன்னு சொல்லாத.”

கீழே சாப்பாட்டு அறைக்கு இறங்கிப் போனேன். மேஜையில் எல்லாம் இருந்தது. வெண்ணெய், ஆரஞ்சு, பன்றிக்கறி வறுவல், பழப்பாகு. நான் எடுத்தது ஒரு வினிகர் பொட்டலமும் ஒரு கடுகு விழுதும். என்ன எடுக்கிறேன் என்று தெரிந்துதான் எடுத்தேன். மாடிக்கு வந்து என் பையிலிருந்து தலைவலித் தைலத்தையும் எடுத்துக்கொண்டேன்.

முதலாவதை நீட்டினேன். மூக்கைச் சுருக்கி, “வினிகர்” என்றார். சிரித்தார். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து, முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வந்தாலும் சிரிப்புதான். இரண்டாவதுக்கு லேசாக இருமி, “இந்த ஊரு கடுகு” என்றார். மூன்றாவதுக்கு, “தைலம். சின்னப் பிள்ளைக்கு வைக்கற டெஸ்ட்டா வெக்கற?” என்றார்.

“எல்லாம் சரிங்க” என்றேன்.

துப்பட்டாவை அவிழ்க்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். கீழே தெருவில் பஸ் ஒன்று மூச்சு விட்டு நின்று, கிளம்பிப் போனது. பிறகு வலது கையால் துணியை மேலே தள்ளினார். மூன்றையும் பார்த்தார். ஜன்னலோரம் கெட்டில் வைத்த தட்டைப் பார்த்தார். அதில் டீத்தூளும் காப்பித்தூளும் பொட்டலம் பொட்டலமாக இருந்தன.

“மூணுமே எரியறது, ரெஜி.”

நான் கடுகை மூட முயன்றேன்.

“காப்பித்தூள் கைக்கெட்டற தூரத்துல இருக்கு. அத விட்டுட்டுக் கீழ வரைக்கும் போய் எடுத்துட்டு வந்திருக்க.”

எரிவது எது, மணப்பது எது என்று பிரித்துப் பார்த்து எடுத்தவள் நான். அவரைக் காப்பாற்றத்தான் அப்படி எடுத்தேன். இருபத்தெட்டு வருஷம் சோதனை வைத்தவர், சாம்பிளைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பார்த்தே விடையைத் தெரிந்துகொண்டார்.

“எப்ப தெரியும் உனக்கு?”

“அன்னைக்கே.”

“தொட்டிகிட்டயே?”

“ஆமாங்க.”

“எனக்கும் அன்னைக்கு ராத்திரி தெரிஞ்சிடுச்சுன்னு வெச்சுக்கோ” என்றார். “காலைல எழுந்ததும் தெரியாத மாதிரி இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்.”

எழுந்து தட்டுக்குப் போய் ஒரு காப்பிப் பொட்டலத்தை எடுத்தார். கிழிக்க முடியவில்லை. விரல்கள் ஒன்றையொன்று கேட்கவில்லை. என்னிடம் நீட்டினார். இந்தத் தடவை தட்டிவிடவில்லை. கிழித்து அவர் கையில் கொடுத்தேன். அறை முழுக்கக் காப்பி மணத்தது. பாண்டியில் மார்க்கெட் தெருவில் அரைத்து வாங்கி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே, அந்த அளவு. அவர் பொட்டலத்தை மூக்கோடு சேர்த்து வைத்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார்.

“கிழிச்சிட்டியா?” என்று கேட்டார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் இடது கை என் மடியில் கிடந்து தனக்குத்தானே நடுங்கியது. இன்று அதை நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம். நான் அதன்மேல் கை வைத்தேன். நின்றது. கையை எடுத்ததும் மறுபடி ஆரம்பித்தது.

“அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போடு” என்றார். “புதன்கிழமை நேரம் இன்னும் இருக்கான்னு கேளு.”

அங்கே மதியம் ஒன்றரை, ஞாயிற்றுக்கிழமை. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, தானாக அறுந்தது.

“லீவா இருக்கும்ங்க.”

தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார். பொட்டலம் இன்னும் அவர் கையில் இருந்தது, தூள் கொஞ்சம் கொஞ்சமாகப் போர்வையில் சிந்தியது.

“இன்னொரு தடவ போடு” என்றார்.